என்னிடம் ஒப்படைத்த ஏழு கடவுச்சீட்டுகள்

13 ஒக்டோபர், திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்குப் பின் வெயில். முழங்கால் பரவாயில்லை.

கொழும்பு முகவர் அனுப்பிய பொதி பஸ்ஸில் வந்தது. புதுக்குடியிருப்புச் சந்தியில் முக்கால் மணி நேரம் காத்து நின்று வாங்கினேன். சரிபார்த்தது:

கடவுச்சீட்டு – 7
மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை – 7
உகண்டா விசாக் கடிதம் – 7

எங்கள் திருச்சபையிலிருந்து என்னோடு ஏழு பேர் உகண்டாவுக்கு, பயணம் 29ஆம் திகதி. அங்கே ஒரு கிராமத்துத் திருச்சபை நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு மழைநீர்த் தொட்டி கட்டிக் கொடுக்க வேண்டும். பத்து நாள் வேலை. தேவன் கட்டுவான், அவன் மேசன். ரஞ்சி பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற மருத்துவமாது, தாய்மாருக்கு வகுப்பு எடுப்பா. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருடம் படம் வரைந்தவன் என்பதால் அளவும் படமும் என் பங்கு. செயலாளர் வேலையும் என் தலையில். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுபத்தொரு வயதில் இது தேவையா என்று இன்றும் ஒருமுறை யோசனை.

எல்லாவற்றையும் பொலித்தீனில் இட்டு மெழுகுதிரிச் சுடரில் விளிம்பை உருக்கி ஒட்டினேன். அதற்கு மேல் இன்னொரு பொலித்தீன், அதையும் ஒட்டினேன். புஷ்பம் குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏனப்பா, திரும்பவும் இடம்பெயரப் போறமோ?"

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடமாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறவள்.

பொதி அலுமாரியில்.

14 ஒக்டோபர், செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

தண்ணீரூற்றுச் சந்தியில் குழாய்க் கடைக்குப் போனேன். தொட்டிக்குக் குழாய், வளைவு, வடிகட்டி வலை எல்லாம் இங்கிருந்தே கொண்டுபோகலாம் என்று என் எண்ணம். பட்டியல் இரண்டு பக்கம். கடைக்கார முஸ்லிம் நானா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்து முழுவதையும் வாசித்தார்.

"என்ன ஐயா, ஆபிரிக்காவுக்கு இங்கயிருந்து பைப் கொண்டுபோறீங்களா? அங்க கடை இல்லையாமா?"

தெரியாது என்றேன். கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

"நாங்க புத்தளத்தில அகதியா இருக்கக்க எங்களுக்கு கம்பளி தந்தாங்க ஐயா. அந்த வெயிலுக்குக் கம்பளி! முதல்ல கேட்டுப் பாருங்க. நான் எங்க ஓடிப்போறன்?"

வெட்கமாகப் போய்விட்டது. சண்டைக் காலத்து முகாமில் எங்களுக்கும் இப்படித்தான் கேளாமலே வந்தது. பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அங்குள்ள போதகருக்கு ஆங்கிலத்தில் வட்ஸ்அப் செய்தி. நான்கு வரி எழுத ஒரு மணி நேரம்.

அலுமாரியில் கறையான் ஏறிய வருடம் நினைவுக்கு வந்தது. பொதியை மெத்தைக்குக் கீழே மாற்றினேன். பிறகு யோசித்தால், நாளை ஜெபக்கூட்டத்துக்குப் போகும்போது வீட்டில் ஆள் இல்லை. மெத்தைதான் கள்ளன் முதலில் தூக்கிப் பார்ப்பது. ஆகவே மீண்டும் மாற்றினேன். இடத்தை இங்கே எழுதவில்லை. இந்தக் கொப்பி மேசையிலேயே கிடப்பது.

16 ஒக்டோபர், வியாழன்

உகண்டாவிலிருந்து பதில். எல்லாச் சாமானும் தங்கள் பட்டணத்தில் உண்டு, படத்தை மட்டும் கொண்டுவாருங்கள் என்று எழுதியிருக்கிறார். கூரையின் நீள அகலமும் அனுப்பியிருக்கிறார். ஒழுங்கான மனிதர். நானாவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பின்னேரம் எங்கள் சபைப் போதகர் தொலைபேசியில். நாளைக்குக் கடவுச்சீட்டுகளைக் கொண்டுவரட்டாம், பிரதி எடுக்க.

எடுக்கப் போனேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

17 ஒக்டோபர், வெள்ளி

தேடிய இடங்கள்:

அலுமாரி, மூன்று தட்டும்
மெத்தை, கட்டிலுக்குக் கீழே
வேதாகமம் வைக்கும் பெட்டி
அரிசி வாளி
கூரைக்கும் சுவருக்கும் இடையில், கதிரை வைத்து ஏறி
தையல் மெசின் லாச்சி

புஷ்பம் கேட்டாள். "என்னத்தைத் தேடுறியள்?" கண்ணாடி என்றேன். "முகத்தில கிடக்கு" என்றாள்.

சபையில் போதகரிடம், "வீட்டில கிடக்கு. பத்திரமா இருக்கு. ஞாயிறு கொண்டுவாறன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேறு கதைக்குப் போனார். என் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளை. என்னை நம்புகிறார். பொய் எவ்வளவு இலகுவாக வந்தது.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

18 ஒக்டோபர், சனி

வானம் மூடிக் கிடக்கிறது. காற்று இல்லை.

கணக்கிட்டுப் பார்த்தேன். புதிய கடவுச்சீட்டுக்கு ஏழு பேரும் வவுனியா போய் வரிசையில் நிற்க வேண்டும். ஊசி அட்டைக்குத் திரும்பக் கொழும்பு. மிச்சம் பதினொரு நாள். நடக்காது. பயணம் போய்விடும், என் ஒருவனால்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரியண்ணர் கடைசிக் காலத்தில் தன் வீட்டுப் படலைக்கு முன்னால் நின்றுகொண்டு வழி கேட்டவர். அவருக்கு அது தொடங்கியதும் எழுபத்தொன்றில்தான். பரீட்சை போல எனக்கு நானே கேள்வி கேட்டுப் பார்த்தேன். வேலை பார்த்த குளங்களின் பெயர், வான் பாயும் மட்டம், துருசு மதகின் அளவு எல்லாம் வருகிறது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வரவில்லை.

விலகல் கடிதம் எழுதினேன். செயலாளர் பொறுப்பிலிருந்தும் குழுவிலிருந்தும். மூன்று தரம் திருத்தினேன். காரணம் "உடல்நிலை" என்று முதலில் எழுதி, வெட்டினேன். "ஞாபகக் குறைவால் கடவுச்சீட்டுகளைத் தொலைத்துவிட்டேன்" என்று எழுதினேன். சட்டைப் பையில் வைத்தாயிற்று. சட்டை ஆணியில் தொங்குகிறது.

நாளை சொல்ல வேண்டும். அல்லது கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். கொடுத்துவிட்டு வருவது கோழைத்தனம் என்று தெரியும். அதுதான் பிடித்திருக்கிறது.

19 ஒக்டோபர், ஞாயிறு

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

ஆராதனை முடிந்ததும் குழு பின்கொட்டிலில் கூடியது. பிளாஸ்ரிக் கதிரைகள் வட்டமாக. புஷ்பம் அடுத்த பக்கம் தேநீர் வார்த்துக்கொண்டிருந்தாள். போதகர் ஜெபித்து முடித்து என்னைப் பார்த்தார். கடிதத்தை எடுக்கப் பைக்குள் கை விட்டேன். கை வெளியே வர முன் வாய் திறந்துவிட்டது.

"துலைச்சுப்போட்டன். எல்லாற்ற பாஸ்போட்டும். எங்கையோ வைச்சன், எங்கையெண்டு தெரியேல்லை. வெள்ளிக்கிழமை பொய் சொன்னனான்."

ரஞ்சிதான் முதலில்.

"என்ன அண்ணை கதைக்கிறியள்? ஏழு பேற்ற சாமான் அண்ணை! என்ர மகள் எனக்காக லீவு போட்டுக்கொண்டு வந்து நிக்கிறாள். இதை வெள்ளிக்கிழமையே சொல்லுறதுக்கென்ன?"

அவ சொன்னது சரி. ஆனால் ஒன்றைக் குறித்து வைக்கிறேன்: சொல்லி முடித்ததும் பயம் நின்றது. பொதி கிடைக்க முன்னமே நின்றது.

தேவன் சிரிக்கத் தொடங்கினான். "கோவிக்காதேங்கோ ஐயா. எங்கட அப்பாவும் காணி உறுதியெல்லாத்தையும் பால்மா ரின்னில போட்டு நிலத்தில தாட்டவர். திரும்பி வந்து கிண்டிக் கிண்டி, கடைசியில வளவு முழுக்கக் கச்சான் போட்டதுதான் மிச்சம். ரின் இண்டைக்கும் அங்கைதான் எங்கையோ."

போதகர், "ஐயா, ஆறுதலா இருந்து யோசியுங்கோ" என்றார். ரஞ்சி விடவில்லை.

"யோசிச்சா வராது. அண்ணை, எழும்புங்கோ. எழும்புங்கோ எண்டுறன். ஷெல் விழுகுது. பொதி கையில. பங்கருக்குக் கொண்டுபோக ஏலாது. எங்க வைப்பியள்? கெதியாச் சொல்லுங்கோ!"

அவ போட்ட அதட்டலில் நான் உண்மையாகவே எழும்பிவிட்டேன்.

"விதைநெல்லு மூட்டைக்குள்ள."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நாங்கள் இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் விதைநெல்லுக்குள்தான் போனது. எதை விட்டாலும் விதைநெல்லை விட்டுவிட்டு ஓட மாட்டோம் என்பதால். செவ்வாய்க்கிழமை என் தலை எதையோ யோசித்துக்கொண்டிருக்க, கை தன் பழைய வேலையைச் செய்திருக்கிறது.

ஆனந்தம் அரை நிமிடம். தேநீர்க் கேத்திலோடு புஷ்பம் வாசலில்.

"ஐயோ, விதைநெல்லைத் தம்பி காலமை வந்து ஏத்திக்கொண்டு போட்டானெல்லோ! ஊறப்போட!"

அவளுடைய தம்பி குணம்தான் எங்கள் வயலைச் செய்கிறவன். நான் கிணற்றடியில் நின்ற நேரம் வந்து போயிருக்கிறான். தொலைபேசியை எடுக்கவில்லை. தேவனின் மோட்டார் சைக்கிளில் நான் பின்னால். மற்றவர்கள் போதகரின் வான் வண்டியில்.

குணம் வாய்க்கால் கரையில் பீடியோடு. வெள்ளைச் சட்டைகளும் சேலைகளும் வரம்பில் வரிசையாக வருவதைக் கண்டு எழும்பினான். அவன் சைவக் கோயிலுக்குப் போகிறவன்.

"என்ன அத்தான், கூட்டத்தோட? எனக்கு ஞானஸ்நானம் தரவோ?"

மூட்டை எங்கே என்றேன். தண்ணீரைக் காட்டினான். நான்கு மூட்டையும் அடியில், மேலே கல். காலை ஆறரையிலிருந்து. ஒருவரையும் காத்திராமல் இறங்கிவிட்டேன், நெஞ்சளவு தண்ணீர். "அத்தான், உடுப்போட!" என்று கத்திக்கொண்டு அவனும் குதித்தான். தேவனும்.

மூன்றாவது மூட்டை. கையை விட்டேன். ஊறிய நெல்லுக்குள் வழுவழு என்று பொலித்தீன்.

கரையில் வைத்து ரஞ்சி பிளேட்டால் வெட்டினா. வெளிப் பொலித்தீனுக்குள் ஒரு கரண்டி தண்ணீர் இருந்தது, எங்கோ ஒட்டு விட்டிருக்கிறது. உள்ளே இருந்த பொலித்தீன் காய்ந்தபடி. எண்ணினேன். ஏழு, ஏழு, ஏழு. போதகர் திரும்ப எண்ணினார். ஏழு.

குணம், "நல்ல காலம் அத்தான். நாளைக்கெண்டா முளைக்கக் கட்டியிருப்பன். உங்கட ஆபிரிக்கா என்ர பாத்தியில முளைச்சிருக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரஞ்சி மட்டும் தன் கடவுச்சீட்டைத் தேடி எடுத்துக் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்துப் பூட்டினா.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் பைக்குள் கடிதம் கூழ். மை கரைந்து சட்டையில் நீலக் கறை. புஷ்பம் எலுமிச்சம்புளி தேய்க்கிறாள். "என்னட்டையெண்டாலும் சொல்லியிருக்கலாமெல்லோ" என்றாள், என்னைப் பாராமல். ஓம் என்றேன்.

பசித்தது. மூன்று நாளைக்குப் பிறகு. கத்தரிக்காய்க் குழம்போடு இரண்டு தரம் சோறு.

20 ஒக்டோபர், திங்கள்

நல்ல மழை. சளி பிடித்திருக்கிறது.

மழை விட்ட இடைவெளியில் போதகரிடம். பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று வாயால் சொன்னேன். வேறு கடிதம் எழுதவில்லை. அவர் என் படத்தை விரித்து வைத்திருந்தார்.

"ஐயா, இந்தத் தொட்டிக்கு மூடி எந்தப் பக்கம் திறக்குது?"

காட்டினேன். வெயிற்படாத பக்கம், பாசி பிடியாமல்.

"இதை அங்க ஆர் விளங்கப்படுத்துறது? நானோ? நீங்கள் வாறியள். ஆனா பாஸ்போட்டை அவரவர் வைச்சிருக்கட்டும்."

சரியான முடிவு. ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் குத்தவும் செய்தது. பேரேடு ஒன்று கோடிட்டு, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி ஒப்படைத்தேன். தேவன் வேண்டுமென்றே மூன்று எழுத்தை ஒரு முழ நீளத்துக்குப் போட்டான். ரஞ்சியின் வரிசை மட்டும் வெறுமை. ஏற்கெனவே எடுத்துவிட்டா. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன்.

மறதி பற்றி ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டும் என்று புஷ்பத்திடம் சொன்னேன். சொல்ல முடிந்தது. "கேப்பம். நானும் வாறன். நானும் எத்தினையை மறக்கிறன்" என்றாள்.

21 ஒக்டோபர், செவ்வாய்

ஆஸ்பத்திரி. வைத்தியர் இளம் பெண் பிள்ளை. கடிகாரம் வரையச் சொன்னா. வரைந்தேன், முட்களின் நிழலோடு. மூன்று சொல் சொல்லிப் பத்து நிமிடத்தால் திருப்பிக் கேட்டா. மூன்றும் வந்தது. "பயத்தில வைச்ச சாமான் பயத்தில மறந்திருக்கு. நித்திரையைக் கவனியுங்கோ. பயணத்தால வந்து திரும்பக் காட்டுங்கோ" என்றா. இரத்த அழுத்தம் சரி. சளிக்கு மருந்து.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல நித்திரை. சந்தியைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டது. புஷ்பமும் நித்திரை.

22 ஒக்டோபர், புதன்

காலையிலிருந்து விடாத மழை. குணம் நேற்று விதைத்துவிட்டான், தண்ணீர் நின்றால் அழுகும் என்று வரம்பை வெட்டிவிடப் போயிருக்கிறான்.

படத்தின் இறுதிப் பிரதி முடிந்தது. பெட்டி அடுக்கியது அரைவாசி.

மூன்று மணிக்கு ரஞ்சி. குடையும் மழைச்சட்டையும், முழங்கால் வரை சேறு. உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி கைப்பையைத் திறந்தா.

"அண்ணை, என்ர வீட்டுக் கூரை ஒழுகுது. இதை நீங்களே வைச்சிருங்கோ."

அவவின் கூரை போன வருடம்தான் புதிதாகப் போட்டது. தேவன்தான் போட்டவன்.

"நான் எங்கயாவது வைச்சுப்போட்டு…" என்று தொடங்கினேன்.

"வையுங்கோ. நான் வந்து அதட்டி எடுக்கிறன்."

புஷ்பம் உள்ளே இருந்து, "ரஞ்சி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போடி!" என்றாள். நிற்கவில்லை, போய்விட்டா.

பேரேட்டில் அவவின் வரிசையில் திகதி போட்டு என் கையெழுத்தை வைத்தேன். கடவுச்சீட்டு மேசையில் இருக்கிறது. புஷ்பத்தைக் கூப்பிட்டிருக்கிறேன், எங்கே வைப்பது என்று கேட்க.