புல்வெளியில் இரண்டு முட்டைகள்

அன்பு மகளுக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

"நம்ம வாடிப்பட்டி நிலம் தரிசு இல்லப்பா. ஆப்பிரிக்கச் சவானா மாதிரி புல்வெளி. மரம் நட்டா அந்தப் புல்வெளியே செத்துரும்" என்று நீ சண்டை போட்டுப் போனபிறகும், ஐந்நூறு வேப்பங்கன்றுகளோடு இன்று அங்கே போனேன்.

குழி தோண்ட வந்த ஜேசிபி ஓட்டுநர் சின்னான் திடீரென்று அலறினான். "அண்ணே, நகராதீங்க! காலடியில பாருங்க!"

வெறும் மண்ணில் கூழாங்கல் போல இரண்டு முட்டைகள், மகளே! கூடில்லை, நிழலில்லை. நெட்டைக் கால்களோடு ஒரு சின்னப் பறவை அம்புட்டு வெயிலிலும் ஓடிவந்து முட்டைமேல் உட்கார்ந்தது. மரத்தை அது தேடவே இல்லை!

கன்றுகளைக் கப்பலூர்க் கம்பெனி ஒன்றுக்கு லாபத்துக்கே தள்ளிவிட்டேன். நம் புல்வெளியில் இன்னும் என்னென்ன இருக்கிறதோ, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா. நீ முன்னே போ. நான் பின்னால் வருகிறேன்.

உன் அப்பா