நீ அடைத்த தோட்டா

மோண்டானா,
மே மாதம், ஞாயிறு மதியம்

அன்புள்ள டுவேனுக்கு,

உன் மனைவி மார்லிஸ் எழுதுவது. நானும் மாடுகளும் சுகம். வடக்கு டகோட்டாவில் நீயும் உன் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது. போன் செய்தால் "ம்", "சரி", "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. எண்ணெய் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு முழுசாகப் படி.

முதலில் வீட்டுச் செய்தி. மலை உச்சியில் இன்னும் பனி கிடக்கிறது, கீழே புல் வந்துவிட்டது. இந்த வருஷம் கன்று ஈன்றதில் பெரிய நஷ்டம் இல்லை. அந்த வெள்ளை மூஞ்சிக் கிடேரி மட்டும் ஒரு பாடு படுத்திவிட்டது, துப்பாக்கி கிளப் கோர்டி வந்து கயிறு பிடித்தார். கிணற்று மோட்டார் நடுவில் நின்றது, நானே பிரித்து மாட்டினேன், ஓடுகிறது. நீ சுட்ட எல்க் மான் கறி ஃப்ரீசரின் அடியில் இன்னும் இருக்கிறது. ஒருத்திக்காக எதைச் சமைப்பது? ரொட்டியும் சூப்புமாக ஒப்பேற்றுகிறேன். சர்ச் விருந்தில் நான் சுட்ட ருபார்ப் பை பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். நீ அங்கே யாரோ ஒரு சிவப்புத் தலைமுடிக்காரியோடு சுற்றுவதாக ஒரு பேச்சும் இருக்கிறது. "அவருக்குத் தலைமுடி எந்த நிறம்னு கவனிக்கிற பழக்கமே கெடையாது" என்று சொல்லிவிட்டேன். நான் முடியை வெட்டிக்கொண்டு வந்தபோது நான்கு நாள் கழித்து, "வீட்டுல எதோ மாறியிருக்கே, திரைச்சீலையா?" என்று கேட்டவன்தானே நீ!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை கோர்டி பிக்கப் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் தொப்பியைக் கழற்றினால் நல்ல செய்தி இருக்காது. "ஏம்மா மார்லிஸ், டுவேன் போன் பண்ணான். தோட்டா அடைக்கிற பிரஸ், தராசு, அச்சுங்க எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயி கிளப்புல யாருக்காவது குடுத்துடச் சொன்னான். இனி அதத் தொடமாட்டானாம்." என்றார்.

நான் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டேன்: "அந்த பிரஸ் எங்க கல்யாணத்துக்கு எங்கப்பா குடுத்தது, தெரியுமா?" அவருக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு வாஃபிள் சுடுகிற இயந்திரம் கிடைத்தது, நமக்கு அது கிடைத்தது. "அதத் தூக்கணும்னா டுவேனே வந்து தூக்கட்டும். வண்டியத் திருப்புங்க, காப்பி வேணும்னா குடிச்சிட்டுப் போங்க" என்றேன். அவர் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.

குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் மேஜை மேல் இருந்ததைப் பார்த்தார். உனக்கும் இன்னும் சொல்லவில்லை. டுவேன், நான் ஒரு துப்பாக்கி கட்டிவிட்டேன்.

ஆமாம், நானேதான். குளிர்காலம் முழுக்க அதுதான் வேலை. உடைந்த பழைய துப்பாக்கியில் கீழ்ப்பாகம் மட்டும் நல்லபடியாக இருந்தது, கிளப்பின் துப்பாக்கிக் கொல்லர் சோதித்துச் சொன்னார். மேல்பாகம் புதிது. பீப்பாய் புதிது, போட்டிக்கென்றே கடைந்த கனமான பீப்பாய். அதை வைஸ் இடுக்கியில் பிடித்து மரையை இறுக்குவதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிடும் போல் ஆகிவிட்டது. ஒருமுறை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி, அப்புறம்தான் கடைசி இறுக்கு. நீ செய்வதைப் பின்னால் நின்று பார்த்தது வீண் போகவில்லை. கைப்பிடிக் குழாய் பீப்பாயை எங்கும் தொடக் கூடாது என்று இரண்டுக்கும் நடுவே காகிதத்தை ஓட்டிப் பார்த்தேன். விசை, கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி சுத்தமாக விழுகிறது. கோர்டி தோளில் வைத்துப் பார்த்தார், விசையை வெறுமனே இழுத்துப் பார்த்தார். பிறகு, "இதுல என்ன தோட்டா போட்டுச் சுட்டுப் பாத்த?" என்று கேட்டார்.

ஒன்றும் போடவில்லை. இன்னும் அது ஒரு குண்டுகூட சுடவில்லை.

"கடையில வாங்கிச் சுடேன்" என்றார். போன வருஷம் கடைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது என் இலக்குத் தாள் கோழி கிளறின குப்பை மாதிரி இருந்தது அவருக்கே தெரியும். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "என்னோடது வேணா தர்றேன்" என்றார். டுவேன், கோர்டி அப்படிச் சொன்னார்! தான் அடைத்ததை அடுத்தவருக்குக் கொடுக்காதே, அடுத்தவன் அடைத்ததைச் சுடாதே என்று ரேஞ்சில் புதிதாக வருகிறவனுக்கெல்லாம் முதல் பாடமாகச் சொல்கிறவர். என்மேல் அத்தனை பரிதாபப்பட்டிருக்கிறார். நான் சிரித்துவிட்டேன். "டுவேன் கையால அடச்சதத் தவிர வேற எதையும் நான் சுடமாட்டேன்" என்றேன். அவர் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "அவன் அடச்சதுதானேம்மா உன் மூஞ்சியக் கிழிச்சுது?" என்றார்.

அதைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. நீ படிக்காமல் தாண்டவும் கூடாது.

அன்றைக்கு நடந்தது எனக்குத் தெரியும். நீ சொல்லவே இல்லை, நானே கூட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டேன். மறுநாள் எனக்குப் போட்டி. நீ தட்டில் தோட்டாவின் பித்தளைக் கூடுகளை வரிசையாக நிறுத்தி வெடிமருந்து ஊற்றிக்கொண்டிருந்தாய். பாதியில் கிடேரிக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டது என்று எழுந்து ஓடினாய். பாதியில் எழுந்தால் தட்டில் இருக்கிற மருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இது நீ எத்தனையோ பேருக்குச் சொன்ன சட்டம். அன்றைக்குக் கொட்டவில்லை. கன்றைப் பிழைக்க வைத்துவிட்டு வந்து, விட்ட இடம் இதுதான் என்று நினைத்து அங்கேயிருந்து ஊற்றினாய். ஒரு கூடு மருந்தில்லாமல் வெறுமனே நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

மறுநாள் வேகச் சுற்றில் அந்த ஒன்று, அடியிலுள்ள கேப் மட்டும் வெடித்து, "டப்" என்று செத்த சத்தம் கொடுத்தது. குண்டு பீப்பாய்க்குள் நின்றுவிட்டது. கடிகாரம் ஓடுகிறது, கை பழக்கத்தில் அடுத்ததை ஏற்றிச் சுட்டுவிட்டது. கோர்டி "நிறுத்து" என்று கத்தினது எனக்குக் கேட்கவில்லை. பீப்பாய் பிளந்தது, கன்னத்தில் பித்தளைத் துகள் ஏறியது, வலது காதில் இன்றும் மெல்லிசாக ஒரு ரீங்காரம். அவ்வளவுதான், டுவேன். கண் இருக்கிறது. கை இருக்கிறது. ஆள் இருக்கிறேன்.

நீதான் இல்லை. அந்தக் கோடை முழுக்க சாப்பாட்டு மேஜையில் என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாய், தழும்பு இருக்கிற பக்கம் கண்ணில் படக் கூடாது என்று. நான் திரும்பினால் நீ தட்டைப் பார்த்தாய். கன்றுகளை விற்று அனுப்பின மறுநாளே அண்ணனுக்கு ஆள் தேவையாம் என்று பையை எடுத்துக்கொண்டாய். உன் அண்ணனுக்கு இத்தனை வருஷமாக எந்த ஆளும் தேவைப்படவில்லை. "குளிர்காலம் மட்டுந்தான்" என்றாய். ஆப்பிள் மரத்தில் மொட்டு வந்துவிட்டது.

எனக்குக் கோபம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. தோட்டாவுக்காக இல்லை, போனதற்காக. குழாயைத் திறந்துவிட்டு மூட மறக்கிற மனிதனைக் கட்டிக்கொண்டிருந்தால் நான் இவ்வளவு நம்பியிருக்கமாட்டேன். ஒரு துளி மருந்து கூடினாலும் குறைந்தாலும் தராசை மறுபடி மறுபடி பார்க்கிறவனைக் கட்டிக்கொண்டேன். அவன் ஒருமுறை தவறினான். தவறினதும், இனி தன்னை யாரும் நம்பக் கூடாது என்று அவனே தீர்ப்பு எழுதிவிட்டான். என்னைக் கேட்கவில்லை. கன்னம் என்னுடையது, தீர்ப்பு உன்னுடையதா?

துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்து மூச்சைப் பாதியில் நிறுத்தும்போது, உள்ளே நீ அடைத்தது இருக்கிறது என்கிற நினைப்பு எனக்கு எப்போதும் இருக்கும். நெருக்கமாகப் படுத்திருப்பது மாதிரி ஒரு நினைப்பு. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதை உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. பட்டறைப் பக்கம் போகும்போதெல்லாம் பிரஸ்ஸின் கைப்பிடி ஏறி இறங்குகிற சத்தத்துக்குக் காது நிற்கிறது. நல்ல காது, கெட்ட காது இரண்டுமே.

அதனால் இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டியும் வருகிறது. வெள்ளிக்கிழமை தபால் அலுவலகத்துக்குப் போய் லவோனிடம் முன்கூட்டியே விசாரித்துவிட்டு வந்தேன். பெட்டியில் காலிக் கூடுகள் இருக்கின்றன, நானே கழுவி, வாயைச் சீவி, சைஸ் பிடித்து வைத்தவை. வேட்டைக்கூடாரத்தில் நீ மடியில் வைத்து அழுத்துகிற அந்தச் சின்னக் கை பிரஸ் இருக்கிறது. தராசு இருக்கிறது, கூடு நிறுத்துகிற தட்டு இருக்கிறது. மருந்தும் குண்டும் மற்றதும் அந்த ஊர்க் கடையிலேயே கிடைக்கும். புதுப் பீப்பாயின் அளவுகளைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உன் அண்ணன் வீட்டுப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார். யாராவது கூப்பிட்டால் எழுந்து போ. திரும்பி வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பி. ஒரே ஒரு தட்டு போதும்.

அடுத்த மாதம் போட்டி தொடங்குகிறது. உன் தோட்டா வராவிட்டால் இந்தத் துப்பாக்கி சுவரில் தொங்கும், நானும் தொங்கின முகத்தோடு இருப்பேன். யாருடையதையும் வாங்கிச் சுடமாட்டேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

லவோன் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "அடியே மார்லிஸ், காலிக் கூடுன்னா தாராளமா போகும். ஆனா மருந்து அடச்சத தபால்ல வாங்கமாட்டாங்க, சட்டம் எடங்குடுக்காது. அவன் அங்கேருந்து எப்படித் திருப்பி அனுப்புவான்?" என்று கேட்டாள்.

அனுப்ப முடியாது, டுவேன். யாராவது ஒருவர் வண்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தால்தான் உண்டு.

வழியெல்லாம் சாலை காய்ந்து கிடக்கட்டும், மான் எதுவும் குறுக்கே வராமல் இருக்கட்டும், கடவுள் உன் கையைத் திடமாக வைக்கட்டும்.

உன்,
மார்லிஸ்