தரையில் இப்போது ஹோஸ் இல்லை, மாமா

என்னைத் 'தனம்மா' என்று வாய் நிறையக் கூப்பிட்ட மாமாவுக்கு,

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளானில் நம் வீட்டு வாசல் போர்ச்சில் இருந்தவர்கள் நாலு பேர். ஏணி மேல் உங்கள் மகன் சேகர். ஏணியைப் பிடித்துக்கொண்டு எங்கள் மகள் தாரணி. சுவரைத் துளைக்கும் டிரில்லை இரவல் கொடுத்துவிட்டு, அது கைக்குத் திரும்பும்வரை நகர்வதில்லை என்று நின்ற பக்கத்து வீட்டு லிம் அங்கிள். சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு நான். வேறு யாரும் இல்லை. அன்று பேசியதைப் பின்னால் யாரும் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடக் கூடாது என்பதால் இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

காற்று ஹோஸுக்கு ஒரு ரீல் மாட்டினோம், மாமா. டயருக்குக் காற்றடிக்க, போல்ட் கழற்ற, தூசி ஊத என்று உங்கள் மகன் கம்ப்ரெசரிலிருந்து இழுத்துத் தரையெல்லாம் பரப்பி வைப்பாரே, அந்தச் சிவப்பு ஹோஸ் இனி ஒரு வட்டப் பெட்டிக்குள் சுருண்டிருக்கும். இழுத்தால் வரும். டிக் டிக் என்று சத்தம் கேட்கும் இடத்தில் நிறுத்தினால் அங்கேயே நிற்கும். இன்னும் கொஞ்சம் இழுத்துத் தளர்த்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைத் தானாகவே வாங்கிக்கொள்ளும்.

வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து நான்தான் வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்டபோது, "ஹோஸ்ல புடவை தடுக்குதுங்க" என்றேன். நான் வீட்டில் புடவை கட்டுவது வெள்ளிக்கிழமை மட்டும்தான். அவர் அதைக் கவனிக்கவில்லை.

எப்படி மாட்டுவது என்பதை வீடியோ பார்த்துப் படித்து வைத்திருந்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்போதெல்லாம் அதுதான் பள்ளிக்கூடம். செங்கல் சுவரில் அடித்தால் இழுக்க இழுக்க ஆணி தளர்ந்துவிடும், கான்கிரீட் தூணில்தான் அடிக்க வேண்டும் என்று சொன்னேன்.

"சரிங்க இன்ஜினியரம்மா," என்றார் அவர் ஏணியிலிருந்து.

"கேலி பண்ணாதீங்கப்பா. அம்மா யூடியூப்ல டிகிரி முடிச்சிட்டாங்க," என்றாள் தாரணி.

கேஸ் சிலிண்டர் மாற்றினால் நான் செய்வதுபோல ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஓர் இடத்தில் காற்றுக் கசிந்து நுரை முட்டை விட்டது. அவர் அதைக் கழற்றி, மரையில் வெள்ளை டேப்பை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். பிறகு தாரணி ஹோஸை வாசல் கேட்வரைக்கும் இழுத்துப் பார்த்தாள். கையோடு கூடவே நடந்து கொண்டுவந்து விட வேண்டியதை, பட்டென்று விட்டுவிட்டாள். ஹோஸ் வாலைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்து வர, லிம் அங்கிள் ஓர் எம்பு எம்பினார்.

"ஓய்! பாம்பு மாதிரி லா!"

எல்லாரும் சிரித்தோம். உங்கள் மகன் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே, நல்ல மனசோடு, லிம் அங்கிள் சொன்னார்: "இது முன்னாடியே இருந்தா உங்க அப்பா விழமாட்டாரு லா, சேகர். நானும் தனமும்தான் தூக்கினது."

"எங்க விழுந்தாரு?"

"இங்க லா. ஹோஸ்ல கால் மாட்டி."

அப்புறம்தான் லிம் அங்கிள் என் முகத்தைப் பார்த்தார். "டிரில் அப்புறம் குடு, பரவால்ல," என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போய்விட்டார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். விழுந்த அன்று காலையில் நீங்கள் பேப்பர் எடுக்க கேட்டுக்குப் போனீர்கள். முந்தின நாள் வேலை பார்த்த ஹோஸ் போர்ச்சின் குறுக்கே கிடந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார். சத்தம் கேட்டு நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். லிம் அங்கிள் தன் வீட்டிலிருந்து ஓடி வந்தார். உங்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு லிம் அங்கிள் ஆம்புலன்ஸைப் பார்க்க ரோட்டுக்குப் போனதும், வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு நீங்கள் சொன்ன முதல் வார்த்தை என்ன? "அந்த ஹோஸச் சுருட்டி வை, தனம்மா. பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லு. சேகரு தாங்க மாட்டான்." நான் தயங்கினேன். என் கையைப் பிடித்து, முருகன் மேல் சத்தியம் வாங்கினீர்கள். செய்துகொடுத்தேன். ஹோஸையும் சுருட்டி வைத்தேன்.

அதன்பிறகு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. இடுப்பு ஆபரேஷன் முடிந்து நீங்கள் வார்டில் கிடந்தபோது, அவர் லீவு போட்டுக் குளியலறையை உடைத்தார். பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பானதைப் பதித்தார். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தார். "அப்பா வர்றதுக்குள்ள முடிஞ்சிடணும்," என்று சாப்பிடாமல்கூட வேலை செய்தார். சிமெண்டுத் தூசியோடு நின்ற அவருக்கு நான் டீ போட்டுக் கொடுத்தேன். ஹோஸ் மறுபடியும் அது பாட்டுக்குப் போர்ச்சில் கிடந்தது. நெஞ்சில் சளி கட்டி, நீங்கள் வீட்டுக்கு வராமலே போனீர்கள். அந்தக் கைப்பிடியை நீங்கள் ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை.

மாமா, உங்கள் மகனுக்கு நோகக் கூடாது என்றுதானே அப்படிச் செய்தீர்கள்? அவர் தப்பான அறையைத் திருத்திக்கொண்டு இருப்பார் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? எனக்கும் அன்று தோன்றவில்லை. தோன்றியபோது சத்தியம் வாயைக் கட்டியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லிம் அங்கிள் போன பிறகும் அவர் ஏணியைவிட்டு இறங்கவில்லை.

"அப்பா பாத்ரூம்ல விழலையா?"

"இல்லங்க."

"நான் டைல்ஸ் உடைச்சேன். நீ பக்கத்துல நின்னு டீ கொடுத்த."

"மாமா சத்தியம் வாங்கிட்டாருங்க. முருகன் மேல."

"எங்கப்பா யாருகிட்டயும் சத்தியம் வாங்குற ஆள் இல்ல. செந்தூல் ரயில் பட்டறையில முப்பது பேர மேய்ச்சவரு. ஹோஸ அப்படிப் போட்டவன் யாருன்னு அவருக்குத் தெரியும். திட்டணும்னா நேரா திட்டியிருப்பாரு. என்கிட்ட பேசவே பிடிக்கல, அதான் வார்டுல பேசல. என் மனசு ஆறணும்னு நீ கதை கட்டாத."

தாரணி ஏணியைவிட்டுக் கையை எடுக்காமல் அழுதாள். அவர் மிச்ச வேலையை ஒழுங்காக முடித்தார். கடைசி நட்டை இறுக்கி, ஹோஸ் முழுக்க உள்ளே போய்விடாமல் நெஞ்சளவு உயரத்தில் தொங்கும்படி ரப்பர்ப் பந்தை மாட்டினார். இறங்கிக் கை கழுவினார். அன்றிலிருந்து கம்ப்ரெசரைத் தொடவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம், கெட்டுப்போச்சு என்கிறார். கெட்டுப்போகவில்லை, மாமா. செமினி ஊரில் ஒருவர் கம்ப்ரெசர், ஸ்பேனர் பெட்டி, ரீல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறாராம். உங்கள் முதல் திதிக்கு மறுநாள் லோரியோடு வருகிறார்.

தொழிற்சாலையில் உங்கள் மகன் எத்தனையோ வருஷமாகப் பட்டன் அழுத்துகிறார். போர்ச்சில் குனிந்து ஒரு எஞ்சினைப் பிரிக்கும்போதுதான் அவர் பாட்டு முணுமுணுப்பார். அந்த மனுஷனையும் சேர்த்து லோரியில் ஏற்றி அனுப்ப எனக்கு மனசில்லை.

நீங்கள் பேசவில்லை என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. அதுதான் என்னை அரிக்கிறது. வார்டில் அவர் வந்து பக்கத்தில் நின்றால் நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள். "அப்பா, அப்பா" என்று அவர் கூப்பிட்டாலும் திறப்பதில்லை. அவர் போனதும் என்னிடம், "சாப்பிட்டானா?" என்று கேட்பீர்கள். வலியால் மூடுகிறீர்கள் என்று அப்போது நினைத்தேன். பொய்யை முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாமல் மூடினீர்கள் என்று இப்போது நினைக்கிறேன். அவர் அதைக் கோபம் என்கிறார். எது, மாமா? நீங்கள் சாப்பிட்டானா என்று கேட்டதையும் சொன்னேன். அதையும் அவர் நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் முருகனிடம் கணக்கு ஒப்பித்தேன். சத்தியத்தை உடைத்தது நானில்லை, லிம் அங்கிள்தான். மிச்சத்தை மட்டுமே நான் சொன்னேன் என்றேன். அவன் சிரித்திருப்பான். எதற்கும் இருக்கட்டும் என்று, வரும் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை எழுதுவது அவருக்குத் தெரியும். "எழுது, உனக்குத்தான் எழுத வருமே," என்றார். கேலியா, சம்மதமா, பிடிபடவில்லை. ஆனால் எழுதும்போது விளக்கைப் போட்டுவிட்டுப் போனார்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி இந்த வீட்டில் நல்லதுக்கென்று யார் கேட்டாலும், எந்தச் சாமியின் பேரைச் சொன்னாலும், ஒருவரிடமிருந்து ஒன்றை ஒளித்துவைக்க நான் சத்தியம் செய்யமாட்டேன். தாரணி என்னிடம் கேட்டாலும் மாட்டேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். என் கனவில் வர வேண்டாம்; நான் உங்களை நம்புகிறவள். அவர் கனவில் வாருங்கள். கோபம் இருந்திருந்தால் அதையே சொல்லித் திட்டிவிட்டுப் போங்கள், அவர் தாங்கிக்கொள்வார். கண்ணை மட்டும் திறந்து அவரைப் பாருங்கள். திதிக்கு அதிக நாள் இல்லை. அதற்குள் பதில் சொல்லிவிடுங்கள், மாமா.

உங்கள் மருமகள்,
சேகர் வீட்டுத் தனலட்சுமி
கிள்ளான்