அண்ணை சேர்த்த சொல்

12 ஒக்டோபர் 1986, ஞாயிறு. ஹேர்னிங்.

ராசா, இன்றைக்கு உங்கள் வேல்ஸ்காரரைக் கண்டேன். அவருடைய சரித்திரப் புத்தகத்தைப் படித்துவிட்டு நீங்கள் முதல் கடிதம் போட்டபோது அவர் வெறும் வாத்தியார். இன்றைக்கு லண்டன் பாராளுமன்றத்து எம்.பி.யாகக் கடல் தாண்டி இங்கே வந்து, எங்கள் சேர்ச் மண்டபத்தில் அகதிகளுக்காகப் பேசினார். நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம்.

அவர் இங்கிலிசில் பேச, உங்கள் அண்ணைதான் தமிழில் சொன்னார். "வேல்ஸ்காரன் உனக்கு மாமனோ மச்சானோ, இப்பிடி எழுதித் தள்ளுறாய்" என்று நக்கலடித்த அதே அண்ணை.

பாதியில் அண்ணை நின்றுவிட்டார். மண்டபமே அவரைப் பார்த்தது.

"சொல்லுங்கோவன் அண்ணை" என்றார் பின்னுக்கிருந்த ஒருவர்.

அண்ணை திரும்பவும் தொடங்கினார். "நான் சரித்திரம் எழுதிக்கொண்டு இருந்தனான். 'எழுதினது காணும், எலெக்சன் கேளுங்கோ' எண்டு யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருத்தர் எழுதினவர். கேட்டன், தோத்தன். 'திரும்பக் கேளுங்கோ' எண்டும் அவர்தான் எழுதினவர். கேட்டன், வெண்டன். அந்த வாத்தியார், என்ரை தம்பி."

கடைசி இரண்டு சொல்லும் வேல்ஸ்காரர் சொன்னதில்லை. இங்கிலிசு தெரியாத எனக்கே அது விளங்கியது. சனம் எழும்பிக் கைதட்டியது. நான் அழவில்லை. நிமிர்ந்து இருந்தேன்.

பிறகு கோப்பி குடிக்க நின்ற அத்தனை பெண்களுக்குள்ளும் வேல்ஸ்காரர் நேரே என்னிடம் வந்தார். நான் யாரென்று ஒருவரும் அவருக்குக் காட்டவில்லை. என் பெயரைச் சொல்லிச் சிரித்துக் கைகொடுத்தார்.

எட்டாம் வகுப்போடு நின்ற என்னைப் பற்றி அந்தப் பெரிய மனிதருக்கு என்னதான் எழுதினீர்கள், ராசா?