எதிர்த்து ஒருவர்

அன்புள்ள அண்ணனுக்கு, அப்பா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுகிறேன். அவர் எழுத்தைக் கண்டால் தபாலைப் பிரித்துவிடுகிறார்கள், அதனால் இந்த ஏற்பாடு. வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க சன்னலில் போர்வை தொங்குகிறது. இனி அப்பா பேசுகிறார்.

மகனே, இங்கே யார் உடம்புக்கும் ஒன்றுமில்லை, அந்த மட்டில் நிம்மதியாக இரு. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. உன் கடிதத்தை ஒருமுறை படித்ததற்கே வயிறு எரிந்தது. புதுப் பாடத்தை நடத்த மறுத்த இளைய விரிவுரையாளரைக் கல்லூரிக் குழு நீக்கியபோது நான் எதிர்த்துக் கை தூக்கினேன், பதினொரு பேர் நீக்கத்தை ஆதரித்தார்கள், அது அவர்கள் உரிமை, தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் குறிப்பேட்டில் ஏகமனதாக என்று எழுதிவிட்டு என் கையெழுத்தைக் கேட்கிறார்கள். போடாவிட்டால் கல்லூரி தந்த இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். எழுத்தர் வாசலில் நின்று, "சார், எல்லாரும் ஒத்துப்போயாச்சு, நீங்க மட்டும் தனியாவா மூச்சு விடறீங்க" என்று சிரிக்கிறார். நீயும் ஒரு வார்த்தைதானே அப்பா, விட்டுத்தள்ளுங்கள் என்கிறாய். முப்பது வருடம் பழைய சபைகளின் குறிப்பேடுகளைத் தூசி தட்டிப் படித்தவன் நான். எதிர்த்து மூவர், எதிர்த்து ஒருவர் என்று எழுதிவந்த கை ஒருநாள் எதிர்ப்பில்லை என்று எழுதும், அடுத்த பக்கங்களில் ஆட்கள் காணாமல் போவார்கள். ஜனநாயகத்தில் தோற்றவனும் கணக்கில் இருப்பான். இவர்களுக்கு ஜெயித்தால் மட்டும் போதாது, தோற்றவன் என்று ஒருவன் இருந்ததே தெரியக்கூடாது. உண்மை ஒன்றுதான், அதுவும் தங்கள் சட்டைப்பையில் இருக்கிறது என்று நம்புகிறவர்களுக்கு மறுப்பவன் முட்டாள், இல்லையென்றால் துரோகி. இதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், செவிடன் காதில் ஊதிய சங்கு. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. எங்கிருந்தாலும் நன்றாக இரு, முதுகு வளையாமல் இரு. அப்பா.

அண்ணா, அப்பா படுக்கப் போய்விட்டார், இது நான். என் பள்ளி முகவரிக்கு நீ தனியாக அனுப்பிய சீட்டு கிடைத்தது. முன்பு அப்பா வெளியூரில் ஆவணங்கள் பார்க்கப் போயிருந்தபோது என் மதிப்பெண் அட்டையில் அவர் கையெழுத்தை நானே போட்டேன், அதை ஞாபகம் வைத்து இப்போதும் அதேபோல் போட்டுக்கொடு, வீடாவது மிஞ்சும் என்று எழுதுகிறாய். சாயங்காலம் எழுத்தர் குறிப்பேட்டுப் பக்கத்தின் புதுப் பிரதியை என்னிடம் நீட்டி, "பாப்பா, காலைல வந்து வாங்கிக்கறேன், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். அவருக்கும் நீ எழுதியிருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இல்லையா உனக்கு. பயத்தில் அதை வாங்கிக்கொண்டேன், பேனாவை மூன்று தடவை எடுத்தேன், வீடு போனால் அம்மாவை எங்கே படுக்க வைப்பது என்றும் யோசித்தேன். ஆனால் நான் போட்டால், அன்று அப்பா தூக்கிய கையை நானே இழுத்துக் கீழே இறக்கியதுபோல் ஆகிவிடும். பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தக் கையெழுத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவனே நீதான், மனம் வந்தால் நீயே போட்டுக்கொள். விடிந்ததும் இதைத் தபாலில் சேர்த்துவிட்டு எழுத்தர் முன்னால் நிற்க வேண்டும், போட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். குரல் வருகிறதா என்று இப்போதே மெதுவாக இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

கோபத்துடன், உன் தங்கை.