ம்மா-நிருபா என்று கூப்பிடுகிறவர்கள்

லா சப்பல், பாரிஸ்
17.11.2013

அன்பு மகள் மிருணாளினிக்கு,

நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் மருமகன் சுகந்தனும் சுகமா என்று கேட்க இந்த முறை கை கூசுகிறது, அம்மாளாச்சி உங்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் கதைத்தால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், அதனால்தான் வேலை முடிந்து சாப்பாட்டுக்கடைக் குசினி மேசையிலேயே இருந்து இதை எழுதுகிறேன். இங்கே ஒரே குளிர். அப்பாவுக்கு முழங்கால் வலி, டொக்டரிடம் போங்கோ என்றால் காது கேளாத ஆள் மாதிரி இருக்கிறார்.

நீ இருக்கிற பொட்ஸ்வானாவில் ஒருத்தியை மூத்த பிள்ளையின் பெயரோடு சேர்த்து அம்மா என்று கூப்பிடுவதுதான் மரியாதை என்று, பேத்தி நிருபா பிறந்த நேரம் நீ எவ்வளவு சந்தோசப் புளுகத்தோடு எழுதினாய். கடைக்காரி, நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக் காவல்காரன், எல்லோருக்கும் நீ ம்மா-நிருபா. பக்கத்து வீட்டு ம்மா-தாபோவின் சொந்தப் பெயர் உனக்கே தெரியாது என்று சிரித்தாய். இப்போது எங்கள் குஞ்சு நிருபா காய்ச்சலில் எங்களை விட்டுப் போன பிறகும் சந்தையில் அப்படியே கூப்பிடுகிறார்கள், நெஞ்சு வெடிக்கிறது என்கிறாய். நிப்பாட்டச் சொல்லிக் கேட்டதற்கு ம்மா-தாபோ, தாய்க்குக் கொடுத்த பெயரைத் திருப்பி வாங்குகிற பழக்கம் எங்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டாவாம். அதனால் வேலையை விட்டுவிட்டுப் பாரிசுக்கே வருகிறேன் என்கிறாய். வாசித்ததும் அந்த மனிசி மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெத்த வயிறு எரியேக்கை இவவுக்கென்ன பழக்கம் வேண்டிக் கிடக்கு என்று அப்பாவிடம் கத்தினேன். ஸ்தேனில் இருக்கிற எங்கள் வீட்டில் உனக்கு அறையும் ஒதுக்கிவிட்டேன்.

பிறகு போன சனிக்கிழமை ஒன்று நடந்தது. மரக்கறி வாங்கிக்கொண்டு மெத்ரோ வாசலுக்கு வர, பின்னால் ஒருத்தி, லவன்ரை அம்மா, லவன்ரை அம்மா என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். எங்கள் கமலராணி, புதுக்குடியிருப்பில் பக்கத்து ஒழுங்கையில் இருந்தவள், இப்போதுதான் இங்கே வந்திருக்கிறாள். மிருணா, 2009இல் உன் அண்ணா லவனை முள்ளிவாய்க்காலில் பறிகொடுத்த பிறகு என்னை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இங்கே நான் தில்லையக்கா, வெள்ளைக்காரருக்கு மதாம். என்னை நோகடிக்கக்கூடாது என்று ஒருவரும் அவன் பெயரை எடுப்பதில்லை, நல்ல சனங்கள்தான். ஆனால் அன்றைக்குப் பையைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக் குளறி அழுதேன். இன்னொருக்கால் கூப்பிடடி என்று வெட்கமில்லாமல் கேட்டேன். வீட்டில் சொன்னபோது அப்பா, சத்தமாய்த்தான் கூப்பிட்டவளோ என்று மட்டும் கேட்டார்.

நீ வந்தால் என் மடி இருக்கிறது பிள்ளை, அதில் மாற்றமில்லை. ஆனால் இங்கே நிருபாவைத் தெரிந்த சனம் எங்கள் இரண்டு பேரையும் விட்டால் ஒருவருமில்லை. அங்கே ஒரு ஊரே அவளைத் தெரிந்து வைத்திருக்கிறது. அவசரப்பட்டு அதை விட்டுவிட்டு வராதே. கூப்பிட்டால், அழுதுகொண்டென்றாலும் திரும்பிப் பார். ம்மா-தாபோ கொண்டுவருகிற சோளக்கூழையும் கீரையையும் திருப்பி அனுப்பாதே, நான் கோபித்தது அவவுக்குத் தெரியவும் வேண்டாம். தலைக்கு எண்ணெய் வை. சுகந்தனைத் தனியே விடாதே, அந்தப் பிள்ளை அழத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே வேகும்.

மிளகாய்த்தூள் பார்சல் அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததும் ஒரு வார்த்தை சொல். அம்மாளாச்சி உங்கள் இரண்டு பேரோடும் இருக்கட்டும். என் முத்தங்கள்.

இப்படிக்கு,
லவன்ரை அம்மா