சீயக்காய் தப்பில்லை

அன்புள்ள உங்களுக்கு, குவைத்திலிருந்து கமலம் வணக்கத்துடன் எழுதுகிறேன். நான் சௌக்கியம். சமையல் வேலையில் லேசாகக் கை சுட்டது, ஆறிவிட்டது. உங்கள் மறதி எப்படி இருக்கிறது?

மூளைக்குப் பயிற்சியாக மளிகைச் சாமான்களை மனப்பாடம் செய்யச் சொன்னார் டாக்டர். அதைப் பக்கத்து வீட்டு ஜெபா டீச்சரிடம் ஏன் ஒப்பிக்க வேண்டும்? அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடப்பதும் அவரோடுதானாமே! என்னோடு தெருமுனைவரை வந்திருப்பீர்களா?

“ஒன்னே ஒன்னுதாம்மே தப்பு. பொம்பள இல்லாத ஊட்டுக்கு சீயக்கா இன்னாத்துக்குன்னு டீச்சர் சிரிக்கிறாங்க” என்று போனில் நீங்களும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இங்கு வந்து இரண்டு வருடமாகிறது.

இனி என்னிடம் ஒப்பியுங்கள். இங்கே வருகிறவர்களிடம் என் தலைக்கு அரைக் கிலோ சீயக்காய் கொடுத்தனுப்புங்கள். முதலாளியம்மா கூப்பிடுகிறார். அந்த டீச்சர் எத்தனை முறை திருத்தினாலும் சீயக்காயை விட்டுவிடாதீர்கள்.

கமலம்